கரவன் கொழுவலும் கழற்றலும்: கல்லடி மணலில் படிந்த ஒழுங்கு

வாகனத்தின் பின்னால் கொழுவி இழுக்கும் தங்குவண்டிதான் கரவன். கொழுவும்போதும் கழற்றும்போதும் அதை ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றில் சில்லுக்கட்டை, இல்லாவிட்டால் வாகனம். இரண்டும் இல்லாத நிமிடம் வரவே கூடாது. கீழே உள்ள ஒழுங்கு ஒற்றை அச்சுக் கரவனுக்கும் அதை இழுக்கும் டபுள் கப் பிக்கப்புக்கும் உரியது.

முதலில் வாகனத்தின் பின்னால் உள்ள கொழுவிக் குண்டின் அளவு. ஐரோப்பியக் கொழுவிக்கு 50 மி.மீ. அமெரிக்க வகையில் 2 அங்குலமும் (50.8 மி.மீ.) 1 7/8 அங்குலமும் (47.6 மி.மீ.) உண்டு. 47.6 குண்டில் 50க்குரிய தலை (கரவனின் முன்னால் குண்டைக் கவ்வும் பகுதி) உட்கார்ந்துவிடும், பூட்டியது போலவும் தெரியும். குழியில் துள்ளும்போது கழன்றுவிடும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் வேர்னியர் வைத்து அளப்பதே நல்லது.

அடுத்தது மூக்குப் பாரம். ஐரோப்பியக் கரவன்களுக்கு ஏற்றிய நிறையில் 5 முதல் 7 வீதம் கொழுவியில் இறங்க வேண்டும். 1,000 கிலோ என்றால் 50 முதல் 70 கிலோ. வாகனக் கொழுவித் தகட்டில் எழுதியிருக்கும் எல்லையையும் தாண்டக் கூடாது. கரவனை மட்டமாக நிறுத்தி, ஆள் நிறை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரக்குற்றியை வைத்துத் தலையை அதில் இறக்கினால் கணக்குத் தெரிந்துவிடும். பாரம் குறைந்தால் வேகத்தில் கரவன் வாலாட்டத் தொடங்கும். அப்போது பிறேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பின்பக்கத் தாங்கியில் 40 லீற்றர் தண்ணீர் நிரப்பினாலே மூக்கு இலேசாகிவிடும்.

கொழுவும் முறை: இரு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிறேக் மேலே, நான்கு மூலைக் கால்களும் மடக்கியபடி. ஜொக்கி வீலை (கரவன் மூக்கைத் தாங்கி ஏற்றி இறக்கும் சின்னச் சில்லு) திருகித் தலையைக் குண்டுக்கு மேலே சற்று உயர்த்திவிட்டு வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கலாம். சைகை காட்டுபவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கவே கூடாது; சாரதியின் கண்ணாடியில் தெரியும் பக்கமாக நிற்க வேண்டும். பிறகு தலையை இறக்கினால் 'டக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்ப முடியாது. தலைக்குள் மணலோ காய்ந்த கிறீஸோ இருந்தால் சத்தம் வந்தும் முழுதாகப் பூட்டாது. ஜொக்கி வீலால் மூக்கைத் திரும்பத் தூக்கிப் பாருங்கள். வாகனத்தின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் பூட்டு விழுந்திருக்கிறது.

கரவன் ஓட்டத்தில் கழன்றால் அதன் பிறேக்கை இழுக்கும் அவசர பிறேக் கேபிளை வாகனத்தில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். தார் றோட்டில் உரசாமலும், வளைவில் இழுபடாமலும், ஜொக்கி வீலைச் சுற்றாமலும் இருக்கட்டும். பிறகு பிளக், ஜொக்கி வீல் முழுதாக மேலே, ஹேண்ட் பிறேக் கீழே, கடைசியாகத்தான் கட்டை.

ஆட்டம் தடுக்கும் உராய்வுப் பட்டைகள் உள்ள தலை என்றால் குண்டில் கிறீஸ் பூசவே கூடாது. சாதாரணத் தலைக்குப் பூசியே ஆக வேண்டும்.

கழற்றும்போது கட்டையும் ஹேண்ட் பிறேக்கும் முதலில். பிறகு ஜொக்கி வீலை நிலத்துக்கு இறக்கி, பிளக், கேபிள், கடைசியில் தலையைத் திறக்கும் கைப்பிடி. பிளக்கை மறந்து வாகனத்தை முன்னே எடுத்தால் வயர் பிய்ந்துவிடும். கேபிளை மறந்தால் கரவனின் ஹேண்ட் பிறேக் இழுபடும், கேபிளும் அறும். ஓட்டோ றிவேர்ஸ் பிறேக் (பின்னுக்கு எடுக்கும்போது தானாக விடுபடும் பிறேக்) உள்ள கரவன், ஹேண்ட் பிறேக் போட்ட பின்னும் கொஞ்சம் பின்னுக்கு உருண்டுதான் இறுகும். மட்டக்களப்புத் தரை தட்டை என்பதால் இது இங்கே கண்ணுக்குப் படாது. லாகுகலை தாண்டி மொனராகலைப் பக்கம் ஏறினால் தெரியும்.

கல்லடியிலும் பாசிக்குடாவிலும் மணல்தான் பெரிய வில்லங்கம். ஜொக்கி வீல் புதைந்தால் தலை உயராது, ஆள் பலத்தாலும் சரிவராது. 30 செ.மீ. சதுரப் பலகை ஐந்து போதும்: ஜொக்கி வீலுக்கு ஒன்று, மூலைக் கால்களுக்கு நான்கு. சில்லுக்கு நீளப் பலகை விரித்து, கட்டையை அதன் மேலேயே ஆணியடித்துவிட வேண்டும். வெறும் மணலில் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். மூலைக் கால்களை ஜக் போலப் பாவித்துக் கரவனைத் தூக்கப் பார்த்தால் அடிச்சட்டம் வளையும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூக்கைத் தென்மேற்குக்கு வைத்தால் ஆட்டம் குறையும்.

சக்கர நட்டுகளை 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். பொத்துவில் போகிறவர்கள் அக்கரைப்பற்றுக்கு முன்னரே நிறுத்திப் பார்க்கலாம்.

உப்புக் காற்றில் பிளக் முட்கள் பச்சை பிடிக்கும். பிறேக் மிதிக்கும்போது சிக்னல் விளக்கும் மங்கலாக எரிந்தால் பல்புகளைக் கழற்றாதீர்கள். ஏழு முள் பிளக்கில் 3ஆம் முள், வெள்ளை வயர், அதுதான் ஏர்த். அதை உப்புத்தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.