விற்காத மருந்து

புது ஆன்டிபயாடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கண்டுபிடித்த பிறகுதான் கூத்தே. வேறு எதற்கும் அடங்காத கிருமி வந்தால் மட்டும் கொடுங்கள் என்று பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். அது சரிதான். கண்டபடி கொடுத்தால் இதற்கும் கிருமி பழகிவிடும். ஆனால் விற்காத மருந்தை எந்தக் கம்பெனி தயாரிக்கும்?

அச்சாவோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் கம்பெனி திவால்! பத்து மாதம்கூடத் தாங்கவில்லை.

அப்புறம் இங்கிலாந்து ஒரு வழி பிடித்தது. தீயணைப்பு வீரர்களுக்குத் தீப்பிடித்த நாளுக்கு மட்டுமா சம்பளம்? அந்த மாதிரி, மருந்து எவ்வளவு பயன்பட்டாலும் சரி, கம்பெனிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று சந்தா. 2022இல் செஃபிடெரோகால் உள்பட இரண்டு மருந்துகளுக்கு இப்படி ஒப்பந்தம் போட்டார்கள்.