செயின்ட் மோனன்ஸ் கரையில் மூன்று நாள்

26 டிசம்பர்

நாள் முழுவதும் மழை. நாளை வெறிக்கும் என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில், செயின்ட் மோனன்ஸிலிருந்து பிட்டன்வீம் வரை நடக்கப்போகிறேன். தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இங்கே இந்த மாதத்தில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

27 டிசம்பர்

பத்து மணிக்குத் துறைமுகத்தில் இறங்கியபோது ஓதம் வற்றி, சேறு வெளியே தெரிந்தது. ஒரு காலத்தில் குளிர்காலம்தான் இவ்வூருக்கு மீன்பாடு மிகுந்த பருவம். முட்டையிடுவதற்காக ஃபோர்த் முகத்துவாரத்துக்குள் வரும் ஹெரிங் மீன்களைத் தேடிப் படகுகளெல்லாம் கடலில் கிடக்கும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அந்த வரத்து நின்றுபோனது. இப்போது துறைமுக ஓரத்தில் பழைய ரப்பர் பூட்ஸ்களில் மண் நிரப்பிச் செடி வைத்திருக்கிறார்கள். கோடையில் அழகாக இருக்கும்போலும். நான் பார்த்தபோது கருகிய தண்டும் விளிம்புவரை மழைநீரும்தான் இருந்தன.

ஊரைத் தாண்டிக் கிழக்கே நடந்தால், மேட்டின்மீது குட்டையான கல் காற்றாலை ஒன்று நிற்கிறது. மாவு அரைப்பதற்கல்ல, கடல்நீர் இறைப்பதற்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. அதன் கீழே புல் மூடிய மேடுகளாகக் கிடப்பவை ஒன்பது உப்புக் கொட்டில்களின் எச்சங்கள். வேதாரண்யத்தில் வளர்ந்த எனக்கு உப்பு என்றால் பாத்தியும் வெயிலும்தான். இங்கே வெயிலை நம்ப முடியாததால், அகன்ற இரும்புத் தட்டுகளில் கடல்நீரை ஊற்றி, அருகிலேயே வெட்டிய நிலக்கரியை எரித்துக் காய்ச்சியிருக்கிறார்கள். ஒரு டன் உப்புக்கு ஏறக்குறைய முப்பது டன் நீர் வற்ற வேண்டும். அழுக்கைத் திரட்டி எடுப்பதற்காக ஸ்காட்லாந்தின் உப்புக் கொட்டில்களில் மாட்டு இரத்தம் சேர்த்ததும் உண்டு. பாறையில் வெட்டிய வாய்க்கால் இன்னும் இருக்கிறது. குனிந்து கைவிட்டேன், விரல்கள் விறைத்துப்போயின.

பிட்டன்வீமில் இன்றும் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. அங்கே அதிக நேரம் தங்கவில்லை.

28 டிசம்பர்

பிரிட்டன் தன் சொந்த மக்கள்மீதான உப்பு வரியை 1825இல் நீக்கியது. வரி போனபின் மலிவான இங்கிலாந்து உப்போடு போட்டியிட முடியாமல் ஸ்காட்லாந்தின் உப்புத் தொழில் நொடித்தது. இந்தியாவிலோ அதே அரசு 1947 வரை அந்த வரியை விடவில்லை. 1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பெடுத்ததற்காக ராஜாஜி கைதானார். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தன் வீட்டில் கைவிட்ட வரியைக் காக்கத்தான் அத்தனை தடியடியும் என்பதை அந்த மேடுகளைப் பார்க்கும்வரை நான் யோசித்ததில்லை.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். வரியைப் பற்றிப் பேசியபோது "உம்" கொட்டிக்கொண்டிருந்தவர், மாட்டு இரத்தம் என்றதும் நிறுத்தி, "அந்த ஊர் உப்பையா போட்டுச் சமைக்கிறே?" என்று கேட்டார்.