பெரியம்மாவோடு சேர்வராயன் குகைக்கு

தங்கைக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கியது அது. தூக்கமே இல்லை, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா சும்மா அழுவாள். எங்கள் தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்: கண்ணேறு, காத்து கருப்பு, முனி அடித்தது. யாரோ சொல்லி அம்மா ஒரு மந்திரவாதியிடம் போனார். அந்த ஆள் மை போட்டுப் பார்த்து, "காலடி மண் எடுத்துச் செய்வினை வெச்சிருக்காங்க. கிழக்கு வீட்டுப் பொம்பளை" என்று சொல்லிவிட்டான்.

கிழக்கு வீட்டில் இருப்பது பெரியம்மா. எங்களை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், பெரியப்பா போனபின் தனியாக இருப்பவர். இந்தப் பழி எப்போதும் தனியாக இருக்கும் பெண்ணின் வாசலைத்தான் தேடிப் போகும். சங்க காலத்தில் மகள் காதலில் மெலிந்தால் தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, கழங்குக் காய் போட்டுக் குறி பார்க்கச் சொல்வாளாம். அவன் முருகன் மேல் பழி போட்டான், அது தேவலை.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தது டாக்டர். அம்மாவோ, தேறினால் ஏற்காட்டு மலையில் சேர்வராயன் குகைக்கோயிலில் இருக்கும் காவேரியம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டியிருந்தார். தேறிவிட்டாள்.

போன ஞாயிறு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, 5,326 அடி உச்சிக்குப் போனோம். பெரியம்மாவையும் அம்மாவே கூப்பிட்டார், காரணம் சொல்லாமல். மே மாதம் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் திருவிழாவுக்குத்தான் கூட்டம் இருக்கும் என்று நினைத்தது தப்பு. செல்ஃபி எடுக்க வந்தவர்களே பாதி. குரங்கு மாலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஒருவன் எலுமிச்சையோடு வழிமறித்து, "முகத்துலயே கட்டு தெரியுதே சார்" என்றான். ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

குகையில் நிமிர்ந்து நடக்க முடியாது. என் நெற்றி பாறையில் நங்கென்று மோதியது. முன்னால் அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, தலை, தலை" என்று சொல்லிக்கொண்டே போனார். உள்ளே இருட்டில் ஒரு விளக்கு. சேர்வராயனும் காவேரியம்மனும். புடவையை அம்மா பெரியம்மா கையில் கொடுத்து, "நீயே குடுக்கா" என்றார். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுதார். நானும் என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதே மறந்து, தாயே தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். பூசாரி போகச் சொல்லும்வரை நகரவில்லை.

இறங்கும்போது ஒரு வளைவில் அம்மாவின் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.