நாலு மில்லிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்
விடிகாலை மூன்று மணிக்கு இடது இடுப்பில் பிடித்த வலி அடிவயிறுவரை இறங்கியது. நின்றாலும் தாங்கவில்லை, குப்புறக் கிடந்தாலும் தாங்கவில்லை. வாந்தி வேறு. அவசரப் பிரிவில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட பிறகுதான் பேச்சே வந்தது. சிறுநீரில் ரத்தக் கசிவு. சி.டி. ஸ்கேனில், சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில் 4 மி.மீ. கல். "அரிசி அளவுகூட இல்லையே, இதுக்கா இந்தக் கத்தல்?" என்றாள் மனைவி.

மார்ச் 5, புதன்
எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்திருக்கிறார்கள். கல் 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடுமாம். குழாயைத் தளர்த்த இரவில் டாம்சுலோசின் மாத்திரை. சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. காய்ச்சல், நடுக்கம் வந்தால் உடனே ஓடி வரச் சொன்னார் டாக்டர். அடைப்போடு கிருமித்தொற்றும் சேர்ந்தால் ஆபத்தாம். கல்லைப் பிடிக்க ஒரு டீ வடிகட்டி கழிவறைக்குப் போயிருக்கிறது. அது இனி அடுப்படிக்குத் திரும்பாது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்றும் கேட்டார். பதினாலு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன். இன்டர்சேஞ்சில் (பேருந்து முனையத்தில்) கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் கழிவறைக்கு வரிசையில் நிற்பதற்குப் பயந்தே குடிப்பதில்லை. சிங்கப்பூர் வெயிலில் ஷிஃப்டுக்கு ஒரு சின்ன பாட்டில். சொல்லவே கூச்சமாக இருந்தது.

மார்ச் 8, சனி
அத்தை தேக்கா சந்தையிலிருந்து வாழைத்தண்டோடு வந்தார். பாலை நிறுத்து, தக்காளி விதையைத் தொடாதே என்று உத்தரவு. பால் விஷயத்தில் டாக்டர் சொன்னது நேர்மாறு: பால், தயிரில் உள்ள கால்சியம், கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், நிறுத்தக் கூடாது. குறைக்க வேண்டியது உப்பைத்தான். அப்படியென்றால் என் காலை நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) இக்கான் பிலிஸும் (பொரித்த நெத்திலிக் கருவாடு) போச்சு. பசலைக்கீரையும் அளவோடுதான். வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்தேன், கல் கரையும் என்று அல்ல, அத்தை முகத்துக்காக.

மார்ச் 12, புதன்
வடிகட்டியில் டிக்கென்று ஒரு சத்தம். பழுப்பு நிறம், நெருஞ்சிமுள் மாதிரி முனைகள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கிண்டல் பண்ணவில்லை.

மார்ச் 19, புதன்
பரிசோதனை முடிவு: கால்சியம் ஆக்சலேட். தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். டிப்போ நண்பருக்கு 9 மி.மீ.; லேசரால் உடைத்தார்கள். அப்புறம் ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) இருந்த இரண்டு வாரம் கல்லைவிட மோசம் என்கிறார்.

இன்று மறுபடி வேலை. முதல் டிரிப் முடிந்ததும் அரை பாட்டில் குடித்தேன். மூன்றாவது டிரிப்பில் கழிவறை வரிசையில் நின்றுவிட்டு இரண்டு நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்தேன்.