உடைந்த பலகைகள்

கழிப்பறையிலிருந்து வந்ததும் சாபா கை கழுவிவிட்டு ஒரு பிரார்த்தனை சொல்வார். எருசலேமில் மெத்தப்பெல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதற்கெல்லாமா கடவுளுக்கு நன்றி? (சாபா என்றால் தாத்தா. மெத்தப்பெல் என்றால் முதியவர் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்பவர்.)

மனிதனுக்குள் துளைகளையும் குழிவுகளையும் படைத்தவரே, அவற்றில் ஒன்று திறந்துகொண்டாலோ ஒன்று அடைத்துக்கொண்டாலோ உம் முன் நிற்க முடியாதே. இவ்வளவுதான் அதன் பொருள். யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தால்முதில் அபாயே என்ற அறிஞரின் பெயரில் வருகிறது. 1,600 ஆண்டுகளுக்கு மேல் பழையது. நாலு நாள் மலச்சிக்கலில் தவித்தவரையும், நடுராத்திரியில் டியூப் அடைத்துக்கொண்டு துடித்தவரையும் பார்த்தவன் நான். விளக்கவுரை தேவைப்படவில்லை.

இங்கே பஸ்ஸில், 'நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு' என்ற பைபிளின் லேவியராகமத்து வரியை ஒட்டியிருப்பார்கள். எழுந்துவிடலாம். ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பவர் எதிரே உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். சாபாவுக்கு மகன் பெயரே மறந்துபோயிருந்தது.

யூதர்களின் ஓய்வுநாளான ஷப்பாத், ஒரு மதியம். போகாமலேயே ஐந்தாவது முறையாகக் கை கழுவி, பிரார்த்தனையைத் தொடங்கினார். "சொல்லியாச்சு சாபா!" என்று கையைப் பிடித்து வெடுக்கென்று உட்காரவைத்துவிட்டேன். மகன் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. ஜனங்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியைக் கண்ட கோபத்தில் மோசே போட்டுடைத்தாரே, பத்துக் கட்டளைகள் எழுதிய அந்தக் கற்பலகைகள் என்ன ஆயின தெரியுமா என்று கேட்டார்.

அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய பலகைகள் உடன்படிக்கைப் பெட்டி என்ற புனிதப் பெட்டிக்குள் போனது தெரியும். ஞாயிறு பள்ளியில் அதோடு கதை முடிந்துவிடும். உடைந்தவற்றையும் அதே பெட்டியில்தான் வைத்தார்கள் என்கிறது தால்முத். தன் குற்றமில்லாமல் கற்றதை மறந்துபோன முதியவரிடம் கவனமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணமாகத்தான் இந்தப் பலகைகளைக் காட்டுகிறதாம். "அப்பா நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர்" என்றார் மகன். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு சாபாவைக் கட்டிலுக்குத் தூக்கும்போது லேவியர்களை நினைத்துக்கொண்டேன். பாலைவனம் முழுக்கப் பெட்டியைச் சுமந்தவர்கள் அவர்கள்தான். உடைந்தாலும் கல்லுக்கு எடை குறையுமா என்ன?

குளிர்காலத்துக்குள் அந்தப் பிரார்த்தனையும் உதிரத் தொடங்கியது. ஒரு நாள் "நெகாவீம், நெகாவீம்" என்று துளைகள் வரை வந்தவர், ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். துண்டைப் பிடித்தபடி காத்திருந்தேன். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். மெல்ல எடுத்துக் கொடுத்தேன்: "ஹலூலீம்."

பாடம் தப்பாக ஒப்பித்த பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். ஈர விரலை உயர்த்தினார்.

"ஹலூலீம், ஹலூலீம். இரண்டு தடவை."