திஸ்கி மடல்களை மீட்ட கதை: யார் சொன்னாலும் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்

மின்னஞ்சல் சேவை தரும் நிறுவனம் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு மாறிய மறுநாள் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்தால், என் தமிழ் ஃபோல்டர் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் & குறியில் தொடங்கி, புரியாத ஆங்கில எழுத்துகளாக ஓடி, சிறு கோட்டில் முடிந்தன. எது கடிதங்கள், எது வீட்டுக் கணக்கு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சப்போர்ட்டில் கேட்டதற்கு வந்த பதில்: "சார், தமிழில் பெயர் வைக்கக் கூடாது. அழித்துவிட்டு இங்கிலீஷில் வையுங்கள்." இப்போது நினைத்தாலும் எரிகிறது. ஐமேப் (சர்வரில் இருக்கும் மடல்களைப் படிக்கும் முறை) ஃபோல்டருக்கு எந்த மொழியிலும் பெயர் வைக்க 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2060 என்ற இணைய வரையறையிலேயே வழி இருக்கிறது. பெயரைத் திருத்திய யுடிஎஃப்-7 (எந்த மொழி எழுத்தையும் ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் முறை) ஆக்கி அனுப்புவார்கள்; தமிழ்ப் பெயரென்றால் & குறியை அடுத்து எப்போதும் ஆங்கில 'C' வரும். சர்வரை மாற்றியபோது அந்த வடிவத்தையே பெயராக எடுத்துக்கொண்டு இன்னொரு முறை குறியேற்றியிருக்கிறார்கள். இதை விளக்கி எழுதினேன். 'தீர்வு காணப்பட்டது' என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எதையும் அழிக்க வேண்டியதில்லை. வலது கிளிக், ரீநேம், தமிழில் தட்டினால் சரி.

உண்மையான தலைவலி கணினியிலேயே சேமித்து வைத்திருந்த பழைய மடல்கள். 2000-களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் குழுக்களில் எல்லோரும் திஸ்கியில் (யூனிகோடு பரவும் முன் தமிழுக்கென்று இருந்த எழுத்துக் குறியேற்ற முறை) எழுதிக்கொண்டிருந்தோம். எழுத்துரு இருந்தவரை ஓடியது; புதிய லேப்டாப்பில் அது இல்லை.

முதலில் குப்பையைப் பார்த்தே நோயைக் கண்டுபிடியுங்கள். வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி வரிக்கு வரி வந்தால் அது யுடிஎஃப்-8 (இன்று பரவலாக இருக்கும் யூனிகோடு வடிவம்), தவறாகப் படிக்கப்படுகிறது. 'வியூ' மெனுவில் உள்ள 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' பெரும்பாலும் சரிசெய்துவிடும். முக்கால் பின்னமும் (¾) சென்ட் குறியும் (¢) கலந்து வந்தால் திஸ்கி. அதற்கு அந்த மெனு உதவாது, தண்டர்பேர்டுக்குத் திஸ்கி தெரியாது.

இலவச மாற்றி ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். கொம்பெல்லாம் தனியாக மிதந்தது. திஸ்கியில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். வரிசையை மாற்றாமல் எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் இந்தக் கதிதான். லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் என்ற குறியேற்றம் மாற்றும் கட்டளை திஸ்கியை ஒழுங்காகவே மாற்றுகிறது.

ஆனால் ஃபோல்டரின் மடல்களெல்லாம் சேர்ந்திருக்கும் கோப்பை அப்படியே அதற்குள் தள்ளிவிடாதீர்கள். நடுவில் ஒரு யுடிஎஃப்-8 மடல் இருந்தால் அது நாசமாகும். திஸ்கி மடல்களைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, தண்டர்பேர்டை மூடி, நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சில மடல்கள் மூலத்தில் (மெசேஜ் சோர்ஸ்) சமக்குறியும் இரண்டிரண்டு எழுத்துமாக இருக்கும் (கோட்டட் பிரிண்டபிள்), சில வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும் (பேஸ்64). இவற்றை முதலில் அவிழ்க்காவிட்டால் ஐகான்வ் கண்டுகொள்ளாமல் போய்விடும். அவிழ்த்தபின் மடலின் தலைப்பகுதியில் 'கன்டென்ட்-டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்' வரியை 8பிட் என்று மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்து திறந்தால், மறுபடி வட்டத்துக்குள் ஆர்! தலைப்பகுதியில் பழைய எழுத்துத் தொகுதியின் பெயர் அப்படியே நின்றிருந்தது. அதை யுடிஎஃப்-8 என்று மாற்றியதும் மடல் வாய்திறந்தது. பட்டியலில் மட்டும் தலைப்புகள் இன்னும் குப்பை. அது எம்எஸ்எஃப் என்று முடியும் அட்டவணைக் கோப்பின் வேலை. ஃபோல்டரின் 'ப்ராப்பர்டீஸ்' போய் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுத்ததும் போனது. இதைத் தெரியாமல்தான் பலர் மாற்றமே நடக்கவில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றிக் கெடுக்கிறார்கள்.

மூலத்திலேயே வெறும் கேள்விக்குறிகளாக இருக்கும் மடல்களில் நேரம் செலவழிக்காதீர்கள். வழியில் ஏதோ ஒரு சர்வர் எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டது, எந்த மாற்றியும் திருப்பித் தராது. அனுப்பியவரின் 'சென்ட்' ஃபோல்டரில் நகல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குச் சில அப்படித்தான் கிடைத்தன.