புயல் தந்த ஓலையில் பன்னிரண்டு கிடுகுகள்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரை கடந்த புரெவிப் புயல், திருகோணமலை நகரில் எங்கள் வளவிலிருந்த தென்னை ஒன்றை வேரோடு சாய்த்து, கிணற்றடி வேலியையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. மரம் வீட்டின் மேல் விழாததற்குக் எங்கள் ஊர்ச் சிவனான கோணேசருக்கு நன்றி சொல்லும்படி அம்மா கூறினார். அது அடுத்த வீட்டாரின் மதிலை உடைத்திருந்ததால், அந்த நன்றி எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மின்சாரம் வரும்வரை, நவம்பர் 29ஆம் திகதி கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கி மிஞ்சிய சிட்டி விளக்குகளே வெளிச்சம் தந்தன. வேலிக்குத் தகரம் வாங்குவதை விட்டு, விழுந்த ஓலையிலேயே கிடுகு, அதாவது வேலிக்கும் கூரைக்கும் கட்டும் தென்னங்கீற்று, பின்னிப் பார்க்கத் தீர்மானித்தேன்.

முதல் கிடுகைப் பச்சையோலையில் அவசரமாகப் பின்னினேன். இரண்டு வெயிலில் ஓலை சுருங்கி, கைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பிறகு ஒழுங்கையில் வசிக்கும் ஆச்சி சொன்னபடி மட்டைகளை நடுவால் பிளந்து, தண்ணீரில் அமிழ்த்தி, மேலே கல் ஏற்றி, ஐந்து நாள் ஊறவிட்டேன். நாற்றத்தைப் பற்றி அவர் முன்கூட்டியே சொல்லவில்லை. ஓர் ஓலை விட்டு ஓர் ஓலையை எதிர்ப்பக்கம் மடித்து, மேலும் கீழுமாகக் கோத்துச் சென்று, நுனிகளைப் பின்னி முடிய வேண்டும். என் கிடுகோ ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் வந்தது.

"பிள்ளை, ஏன் இழுக்கிறாய்? ஓலை தன்ரை பாட்டிலை வரும்" என்றார் ஆச்சி.

1964 டிசம்பரில், தனுஷ்கோடியை அழிப்பதற்குச் சற்று முன் எங்கள் ஊரைத் தாக்கிய சூறாவளியின்போது ஆச்சிக்குப் பத்து வயது. கூரை பறந்த வீட்டை அவருடைய தாயார் பின்னிய கிடுகுகளே மூடினவாம். ஓலையிலிருந்து கண்ணெடுக்காமலே அதைச் சொன்னார்.

ஐந்தாவது கிடுகிலிருந்து, மாலையில் பின்னும்போது கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தை மெல்லச் சொல்லத் தொடங்கினேன். அதில் கடல் சந்தனமும் அகிலும் மணியும் வாரி வருகிறது. எங்கள் கரையிலோ அந்த வாரம் அறுந்த வலையும் பிளாஸ்டிக் போத்தல்களுமே ஒதுங்கிக் கிடந்தன என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது. ஒன்பதாவது கிடுகின்போது பதிகம் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. அலையோசை கேட்டுக்கொண்டிருந்தது, கை மட்டும் போய்க்கொண்டிருந்தது, புயலுக்குப் பிறகு முதல் தடவையாக மனம் எதையும் கணக்குப் பார்க்கவில்லை.

மார்கழித் திருவெம்பாவை நாட்கள் தொடங்குவதற்குள் பன்னிரண்டு கிடுகுகள் தேறின. எட்டைக் கிணற்றடிக்குக் கட்டினேன். மூன்றை, மேசன் வரும்வரை மறைப்பாக இருக்கட்டும் என்று அடுத்த வீட்டு உடைந்த மதிலுக்குக் கொண்டுபோனேன். நான் கயிறு முடிந்துகொண்டிருக்கையில் அந்த வீட்டு அக்கா, மரம் ஆளின் மேல் விழாமல் மதிலோடு போனதே என்று சொல்லி, பனங்கட்டியும் தேநீரும் நீட்டினார். ஓமக்கா என்று சொல்லி வாங்கிக் குடித்தேன். அன்றிரவுதான் சுவாமிப் படத்தின் முன் நின்று, அம்மா சொன்ன நன்றியைச் சொன்னேன்.

கோணலான அந்த ஒன்று கோழிக்கூட்டின் மேல் கிடக்கிறது. இன்னும் ஆறு மட்டைகள் ஊறுகின்றன.